உப்பும் சர்க்கரையும் நீரும்: ஒரு 140 ஆண்டு வரலாறு

ஒரு மனிதன் உடலில் நீர் வற்றிச் சாகக் கிடக்கிறான். அருகிலேயே குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. எடுத்து ஊட்டக் கைகளும் இருக்கின்றன. ஆயினும் அவன் இறந்துவிடுகிறான். காலரா புகுந்த ஊர்களில் எல்லாம் நடந்தது இதுதான். தண்ணீர் இல்லாமல் அன்று, குடித்த தண்ணீர் உடலில் சேராமல் மக்கள் மாண்டனர். குடிப்பது வேறு, சேர்வது வேறு என்பதை மருத்துவ உலகம் உணர்ந்து, அதற்கு வழி கண்டு, அந்த வழியை நோயாளியின் வாயருகே கொண்டு வர ஏறத்தாழ 140 ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

முதலில் சில அளவுகளை மனத்தில் கொள்ளுங்கள். வளர்ந்த மனிதரின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 36 லிட்டர் நீரைச் சுமந்து கொண்டு நடக்கிறார் எனலாம். உடல் எடையில் 2 விழுக்காடு அளவுக்கு நீர் குறைந்தாலே நாக்கு வறளும், களைப்பு வரும், கவனம் சிதறும். 10 விழுக்காடு குறைந்தால் உயிருக்கே ஆபத்து. ஏழு கிலோ எடையுள்ள குழந்தைக்கு இந்த 10 விழுக்காடு என்பது 700 மில்லி லிட்டர்தான். மூன்று தம்ளர் நீர்! வயிற்றுப்போக்கில் அது வெளியேற அரை நாள் போதும். காலரா முற்றிய பெரியவருக்கோ ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீர் போகும். நம் உடலில் ஓடும் இரத்தமே ஐந்து லிட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வங்காளத்திலிருந்து 1817-இல் கிளம்பிய காலரா, நாடு நாடாகக் கடந்து 1831-ஆம் ஆண்டு இறுதியில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை அடைந்தது. அக்கால மருத்துவர்கள் செய்த சிகிச்சை என்ன தெரியுமா? நாளத்தைக் கீறி இரத்தத்தை வெளியேற்றினார்கள். பாதரச உப்பைக் கொடுத்து மேலும் பேதியாக்கினார்கள். நீர் வற்றிப் போனவனிடமிருந்து மிச்சமிருந்ததையும் பறித்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

அயர்லாந்தைச் சேர்ந்த 22 வயது மருத்துவர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி சண்டர்லாந்துக்குச் சென்றார். நோயாளிகளின் இரத்தத்தை வேதியியல் முறையில் சோதித்தார். இரத்தம் தன் நீரில் பெரும்பகுதியை இழந்திருக்கிறது. அத்துடன் உப்புகளையும் காரப் பொருளையும் இழந்திருக்கிறது. இழந்தவையெல்லாம் மலத்தில் இருக்கின்றன என்று அவர் கண்டார். அப்படியானால் இழந்ததைத் திரும்பக் கொடுத்தால் என்ன? நீரும் உப்பும் சேர்ந்த கரைசலைச் சிரைக்குள் செலுத்தலாம் என்று 'லான்செட்' இதழில் எழுதினார்.

அதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் எடின்பரோவை அடுத்த லீத் நகரில் 1832 மே மாதம் துணிந்து செய்தார். முதல் நோயாளி ஒரு முதிய பெண்மணி. நாடி நின்றுவிட்டது என்னும் நிலை. கைச் சிரையில் குழாயைப் பொருத்தி, அரை மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கும் சற்று மிகுதியான உப்பு நீரைச் செலுத்தினார். குழி விழுந்த கண்களில் ஒளி வந்தது. நாடி துடித்தது. உடல் சூடேறியது. எல்லாம் நலம் என்று எண்ணி லாட்டா ஓய்வெடுக்கச் சென்றார். ஆனால் பேதி நிற்கவில்லை. மறுபடி நீர் வெளியேறியது. மறுபடி யாரும் நிரப்பவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அந்தப் பெண்மணி இறந்து போனார். ஓட்டைக் குடத்தில் ஒரு முறை நீர் ஊற்றினால் போதாது, ஒழுகும் வரை ஊற்றிக் கொண்டே இருக்க வேண்டும் என்ற பாடம் அன்றே அங்கே கிடைத்துவிட்டது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை.

லாட்டா மறு ஆண்டே காலமானார். அவரைப் பின்பற்றியவர்கள், சாவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு மட்டுமே இச்சிகிச்சையைச் செய்து பார்த்தார்கள். கிருமி நீக்கம் என்பதையே அறியாத காலம் அது. லாட்டா முதலில் எடுத்துக்கொண்ட கரைசலிலும் உப்பு, இரத்தத்தில் உள்ளதில் பாதிகூட இல்லை. செறிவு குறைந்த நீரில் இரத்தச் சிவப்பணுக்கள் ஊறி உப்பி வெடித்துவிடும். ஆக, எண்ணம் சரி, அளவு தவறு. கொள்ளை நோய் தணிந்ததும் இந்த முறையையும் மறந்தார்கள்.

ஓஷாக்னசியோ 1833-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். இந்தியாவின் முதல் தந்திக் கம்பிகளை இழுத்தவர் யார் என்று இயற்பியல் மாணவர்களைக் கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. இதே ஓஷாக்னசிதான்! கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைத் தடம் அமைத்து, பின்னர் ஆக்ரா, பம்பாய், சென்னை வரை தந்தியைக் கொண்டு சென்றார். அதற்காக அவருக்கு 'சர்' பட்டமும் கிடைத்தது. காலராவைப் பற்றி அவர் மீண்டும் பெரிதாகப் பேசவில்லை; நமக்கு அது இழப்பே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனார்டு ரோஜர்ஸ் என்ற மருத்துவர் செறிவு மிகுந்த உப்பு நீரைச் சிரையில் ஏற்றி, காலரா சாவுகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டினார். நம் ஊரில் 'குளுக்கோஸ் ஏற்றுவது' என்று சொல்கிறோமே, அந்த முறை அதன் பிறகு மெல்ல மெல்லச் செம்மையடைந்தது. தக்க மருத்துவமனையில் தக்க நேரத்தில் ஏற்றினால் காலரா நோயாளி பிழைத்துக் கொள்வார் என்ற நிலை வந்தது.

ஆனால் அந்த 'தக்க' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. காலரா வருவது சேரியில், வெள்ளத்தில், அகதி முகாமில். கிருமி நீக்கிய பாட்டில் நீர், ஊசி, குழாய், சிரையைக் கண்டுபிடித்துக் குத்தத் தெரிந்த கை, இவை நான்கும் அங்கே ஒரு சேரக் கிடைக்கா. சரி, சிரைக்குப் பதில் வாய் வழியே கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். மருத்துவர்கள் மறுத்தார்கள். காலரா குடலின் உட்படலத்தையே உரித்துவிடுகிறது. உரிந்த குடல் எதையும் உறிஞ்சாது. அதற்கு ஓய்வு கொடுப்பதே நல்லது என்று பாடநூல்கள் கூறின. வீடுகளிலும் இதே கருத்துத்தான். பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று கொடுக்காமல் நிறுத்தினார்கள். படித்தவரும் படிக்காதவரும் ஒரே தவற்றில் உடன்பட்டது வியப்புத்தான்.

குடல் பழுதாகவில்லை

இந்தக் கருத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. காலராக் கிருமிகளை வளர்த்த நீர்மத்தை வடிகட்டிக் கிருமிகளை நீக்கிவிட்டு, எஞ்சிய தெளிநீரை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். கிருமியே இல்லை, ஆனாலும் குடலில் நீர் சுரந்து நிரம்பியது. கிருமி வெளியிடும் ஒரு நஞ்சுதான் காரணம் என்று 1959-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். அதே காலத்தில் பாங்காக்கில் காலரா நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து அமெரிக்க மருத்துவர் கங்கரோசாவும் துணைவர்களும் நுண்ணோக்கியில் பார்த்தனர். உட்படலம் உரியவே இல்லை! குழாய் உடையவில்லை, யாரோ குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் வெறும் தண்ணீர் ஏன் பலன் தரவில்லை? இங்கேதான் இயற்பியல் நமக்குக் கை கொடுக்கிறது.

நீருக்கென்று உடலில் தனிப் 'பம்பு' எதுவும் கிடையாது. அது சவ்வூடுபரவல் விதிக்குக் கட்டுப்பட்டது. உலர்ந்த திராட்சையை இரவு தண்ணீரில் போட்டால் காலையில் உப்பியிருக்கும். மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் நீர் வெளியே கசியும். கரைபொருள் எந்தப் பக்கம் மிகுதியோ அந்தப் பக்கம் நீர் செல்லும். ஆகவே குடலிலிருந்து நீரை உள்ளே இழுக்க வேண்டுமென்றால் முதலில் உப்பு உள்ளே போக வேண்டும். காலரா நஞ்சு, குளோரைடைக் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. அதன் பின்னால் சோடியம் செல்கிறது, அவற்றின் பின்னால் நீர். சோடியம் வழக்கமாக உள்ளே வரும் வாயில்களும் அடைபட்டு விடுகின்றன. உப்பைக் கொடுத்தாலும் உள்ளே போகாது. எனவே நீரும் போகாது.

ஆனால் ஒரு வாயில் மட்டும் அடைபடவில்லை. அதைக் கண்டு சொன்னவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். 1960 ஆகஸ்டில் பிராகா நகரில் நடந்த அறிவியல் கூட்டத்தில் அவர் முன்வைத்த கருத்து இது: குடல் அணுவின் சுவரில், சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால் மட்டுமே உள்ளே விடும் கடத்தி ஒன்று உள்ளது. வங்கிப் பெட்டகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் சாவி ஒன்று, வங்கியின் சாவி ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். இங்கே ஒரு சாவி உப்பு, மற்றொன்று சர்க்கரை. இரண்டும் உள்ளே நுழைய, அவற்றின் பின்னால் நீர் நுழைகிறது. இந்தக் கடத்தியை உருவாக்கும் மரபணுவையே 1987-இல் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஒரு குளுக்கோசுடன் இரண்டு சோடியம் அயனிகள் செல்கின்றன என்பதும் பிற்காலத்தில் உறுதியாயிற்று.

கிரேன் சிந்தித்தது காலராவைப் பற்றி அன்று. காலரா மருத்துவர்களும் அவர் ஏட்டைப் படித்துவிட்டுக் கரைசல் தயாரிக்கவில்லை. இரு தண்டவாளங்கள்போல இரண்டும் தனித்தனியே ஓடிக் கொண்டிருந்தன. உண்மையில் கல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி என்ற மருத்துவர் அதற்கும் முன்பே, 1953-இல், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய் வழியே கொடுத்து 186 காலரா நோயாளிகளைக் குணப்படுத்தியதாக 'லான்செட்'டில் எழுதியிருந்தார். வாந்தியை நிறுத்த மருந்தும், பேதிக்குக் கற்பூரவல்லிச் சாறும் உடன் கொடுத்தார். மிகக் கடுமையான நிலையில் இருந்தவர்களை அவர் எடுத்துக் கொள்ளவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் பிரிவும் வைக்கவில்லை. உலகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. குறை சோதனை முறையில் இருந்தது உண்மைதான். ஆனால் குறையைக் காட்டியவர்களாவது அதைத் திருத்தி மறுபடி செய்து பார்த்திருக்கலாம்!

1962-இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் வாய்வழிக் கரைசலைச் சோதித்தபோது ஐந்து நோயாளிகள் இறந்தனர். கரைசலின் செறிவு மிகுதியாக இருந்தது. பிலிப்ஸ் மனமுடைந்து போனார். பல ஆண்டுகள் அந்த வழியையே ஐயத்துடன் பார்த்தார்.

கடைசியில் 1968-இல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் நேலின், ரிச்சர்டு கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் செய்தது மிக எளியது. நோயாளி எவ்வளவு நீரை இழக்கிறார் என்று அளந்தார்கள். அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். 29 நோயாளிகளில் நடந்த சோதனையில், சிரை வழியே தேவைப்படும் நீரின் அளவு 80 விழுக்காடு குறைந்தது. லாட்டாவின் முதல் நோயாளியின் கட்டிலருகே எழுந்த பாடம், 136 ஆண்டுகள் கழித்து எழுத்தில் வந்தது.

பங்காவ்ன், 1971

ஆயினும் இவையெல்லாம் மருத்துவமனைக்குள், அளவுக் குவளையோடு நிற்கும் செவிலியர் கண்காணிப்பில் நடந்தவை. வெளியே நடக்குமா?

1971-இல் வங்காளதேசப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்கு வந்தனர். மேற்கு வங்க எல்லை ஊரான பங்காவ்னைச் சுற்றி மட்டும் மூன்றரை இலட்சம் பேர். மழை தொடங்கியது, காலராவும் தொடங்கியது. ஜூன் இறுதியில் டாக்டர் திலீப் மகாலனபிஸ் அங்கே சென்றபோது, இரண்டு சிறு கட்டடங்களில் 16 படுக்கைகள் இருந்தன. நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். வாந்தியிலும் கழிவிலும் மண்டியிட்டு ஊசி போட வேண்டியிருந்தது. சிரையில் ஏற்றும் நீர் தீர்ந்து கொண்டிருந்தது. சாவு விகிதம் 30 விழுக்காடு வரை எட்டியிருந்தது.

மகாலனபிஸ் ஒரு முடிவெடுத்தார். கல்கத்தாவில் அவர் பணியாற்றிய ஆய்வு மையத்தின் நூலக அறையில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற வீதத்தில் நிறுத்துப் பொட்டலம் கட்டினார்கள். பிளாஸ்டிக் பையின் வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. முகாமில் பெரிய பீப்பாய்களில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளியின் தாயோ தகப்பனோ தமக்கையோ குவளையில் பிடித்துப் போய் ஊட்டும்படி விட்டுவிட்டார். செவிலியர் இல்லை; அளவுக் கருவி இல்லை. தாகம் எடுக்கும் வரை குடி, அதுவே அளவு. எட்டு வாரங்களில் ஏறத்தாழ 3,700 பேருக்குச் சிகிச்சை நடந்தது. சாவு விகிதம் 3.6 விழுக்காடாக இறங்கியது.

இதற்கு முன் இருந்தவர்கள் கரைசலைக் கண்டுபிடித்தார்கள். மகாலனபிஸ், உறவினரின் கையை நம்பினார். என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் கடினம். அவர் கட்டுரை 1973-இல்தான் அச்சேறியது. 1978-இல் 'லான்செட்' இதழ், சர்க்கரையும் உப்பும் இணைந்து செல்லும் இந்தக் கண்டுபிடிப்பு இந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று தலையங்கம் தீட்டியது. மகாலனபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் விருது அவர் மறைந்த பின், 2023-இல் அறிவிக்கப்பட்டது.

பொட்டலமே கிட்டாத சிற்றூரில் என்ன செய்வது? வங்காளதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்குக் கற்றுக் கொடுத்தது. மூன்று விரல் நுனியில் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர். கற்பிக்கும் பெண்ணுக்குச் சம்பளம் எப்படி? ஒரு மாதம் கழித்து வேறொருவர் சென்று சில தாய்மார்களைச் சோதிப்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ, அதற்கு ஏற்பவே ஊதியம். (இந்த விதி எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு வந்தால் என்னாகும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.) தொடக்கத்தில் தாய்மார்கள் கற்றுக்கொண்டார்கள், ஆனால் பலர் பயன்படுத்தவில்லை. ஏன் என்று விசாரித்தபோது, கற்றுக் கொடுத்தவர்களே தங்களுக்குப் பேதியானால் மாத்திரை விழுங்குவது தெரிய வந்தது! அவர்களுக்கு முதலில் நம்பிக்கை ஊட்டி, வீட்டு ஆண்களையும் அழைத்துப் பேசிய பின்னரே நிலைமை மாறியது.

நாம் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் இன்றைய அளவு 2002-இல் உலகச் சுகாதார நிறுவனம் திருத்தியமைத்தது. ஒரு லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மேல்நிலை மாணவர்கள் இதை மோல் கணக்கில் மாற்றிப் பாருங்கள். குளுக்கோஸ் 75 மில்லிமோல், சோடியமும் 75 மில்லிமோல் என்று சமமாக வரும். இரண்டு சாவிகளையும் சரி அளவில் கொடுத்திருக்கிறார்கள். கரைந்துள்ள துகள்கள் எல்லாம் சேர்ந்து 245. நம் இரத்தத்திலோ ஏறத்தாழ 290. வெளியே செறிவு குறைவு, உள்ளே மிகுதி. எனவே நீர் உள்நோக்கிப் பாய்கிறது. பழைய பொட்டலத்தில் இது 311 ஆக இருந்தது. அதைக் குறைத்ததும் பேதியின் அளவும் வாந்தியும் குறைந்தன.

இதிலிருந்து சில நடைமுறைகள் தாமாகவே விளங்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் கெட்டியாகக் கொடுத்தால் அது குடலுக்குள் நீரை இழுக்கும், பேதி கூடும். இனிப்புப் பானங்களும் அப்படியே. பழச்சாறு போன்ற இனிப்புப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைத் தாங்கி விற்கப்பட்டதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை செய்தது இதனால்தான். பொட்டலம் இல்லாதபோது, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லதே. அரிசி மாவுப்பொருள் சிறிது சிறிதாகக் குளுக்கோசாக மாறுவதால் செறிவை ஏற்றாமலே சாவியைத் தருகிறது. டாக்காவில் 1980-களில் அரிசிக் கரைசலைச் சோதித்துப் பயன் கண்டிருக்கிறார்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும் என்பது 2004 முதல் உள்ள பரிந்துரை. குழந்தை சோர்ந்து குடிக்க இயலாமல் போனால் உடனே மருத்துவமனைதான்; அங்கே சிரைவழி நீருக்கு மாற்று இல்லை.

1980-ஆம் ஆண்டளவில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு 46 இலட்சம் பேர் வயிற்றுப்போக்கால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். இப்போது அது 5 இலட்சத்தை ஒட்டி இருக்கிறது. ஆனால் இன்றும் பேதி கண்ட குழந்தைகளில் பாதிப் பேருக்குக்கூட உலகில் இக்கரைசல் கிடைப்பதில்லை. காரணம் என்ன? 2024-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு கர்நாடகத்திலும் பீகாரிலும் இதைத் தேடியது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி என்று சொல்லும் தகப்பனாக நடிக்க ஆட்களைப் பயிற்றுவித்துத் தனியார் மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். கரைசலே சரியான மருந்து என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. சரக்குத் தட்டுப்பாடோ இலாப ஆசையோ பெரிய காரணமாக இல்லை. வந்தவர் இதை விரும்பமாட்டார், வேறு மருந்தைத்தான் எதிர்பார்ப்பார் என்று மருத்துவர்களே எண்ணிக் கொண்டதுதான் முதற் காரணம். தகப்பனாக நடித்தவர் "ஓ.ஆர்.எஸ். கொடுங்கள் டாக்டர்" என்று தாமாகக் கேட்ட இடங்களில், அதை எழுதிக் கொடுத்தவர்களின் விகிதம் 27 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது.